இரண்டாவது மணி நேரத்துக்கான இருக்கை

ஃபார்முலா ஒன் பந்தயக் காரின் இருக்கையில் குஷன் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இருக்காது. கார்பன் ஃபைபரில் வார்த்த ஓர் ஓடு, அதன்மேல் மெல்லிய உறை, அவ்வளவுதான். ஓட்டுநரைக் காருக்குள் உட்காரவைத்து, அவர் முதுகுக்கும் காரின் உடலுக்கும் நடுவே ஒரு பையை வைத்து, அதில் இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றுகிறார்கள். கலவை பொங்கி, அவர் உடம்பின் வளைவுகளுக்கு ஏற்ப இறுகிவிடும். அந்த அச்சிலிருந்து உருவாவதுதான் அவருடைய இருக்கை. இரண்டு மணி நேரம் வரை போகக்கூடிய பந்தயத்தை அவர் அதில் உட்கார்ந்துதான் ஓட்டி முடிக்கிறார்.

வீட்டில் கார் அல்லது விமான சிமுலேட்டர் கட்டுபவர்கள் முதலில் மனத்தில் நிறுத்த வேண்டிய உதாரணம் இது. உடம்பைத் தாங்குவது வடிவம். வடிவம் விட்டுவைத்த இடைவெளியை நிரப்புவதுதான் ஃபோமின் வேலை. ஆறு அங்குலத் தடிமனில் மெத்தென்ற ஃபோம் வாங்கிப் பலகைமேல் போட்டால் முதல் ஐந்து நிமிடம் சொர்க்கமாகத்தான் இருக்கும். இரண்டாவது மணி நேரத்தில் இடுப்பு வலிக்கும், தொடை மரத்துப்போகும்.

காரணம் எளிது. நிமிர்ந்து உட்காரும்போது உடம்பின் எடையில் பெரும்பகுதி, இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முனைகளின் வழியாகத்தான் இறங்குகிறது. மெத்தான ஃபோம் அந்த இரண்டு இடத்திலும் முழுக்க நசுங்கி, எலும்பு பலகையைத் தொட்டுவிடும். கடைக்காரர்கள் இதை ‘தரை தட்டுது’ என்பார்கள். தரை தட்டிய பிறகு மேலே எவ்வளவு விலையுயர்ந்த ஃபோம் இருந்தாலும் அது பலகையில் உட்காருவதற்குச் சமம்தான்.

சென்னையில் வயதான ஒரு குஷன் கடைக்காரரிடம் நான் பாடம் கேட்டது இந்த விஷயத்தில்தான். அடுக்கிவைத்திருந்த ஃபோம்களை விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். “தம்பி, கையால அமுக்கி என்ன தெரியப்போகுது? உட்காருங்க” என்று மூன்று அங்குலத் துண்டு ஒன்றை மரப் பெஞ்சில் போட்டார். உட்கார்ந்ததும், “உங்க கையை ஃபோமுக்கு அடியில விட்டுப் பாருங்க” என்றார். பெஞ்சுக்கும் ஃபோமுக்கும் நடுவே விரலை நுழைத்தால், எலும்பின் முனை விரலை நேராக அழுத்துவது தெரிந்தது. “இடிக்குதுல்ல? இது உங்க வெயிட்டுக்கு ஆகாது” என்று அதை உருவிவிட்டு, அதே தடிமனில் வேறொரு துண்டைப் போட்டார். இந்த முறை அழுத்தம் பரவலாக இருந்தது. எலும்பு எங்கே என்று விரலுக்குத் தெரியவில்லை. இந்தச் சோதனைக்குச் செலவு எதுவும் இல்லை. எந்தக் கடையிலும் செய்து பார்க்கலாம்.

எடை வேறு, கெட்டி வேறு

கடையில் ‘32 டென்சிட்டி’, ‘40 டென்சிட்டி’ என்று கேட்டு வாங்குகிறோம். எண் கூடினால் ஃபோம் கெட்டியாக இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது கெட்டித்தன்மையின் அளவு அல்ல. ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை என்பதுதான் அந்த எண். பொதுவாக எடை கூடிய ஃபோம் நீண்ட நாள் உழைக்கும், சீக்கிரம் அமுங்கிப்போகாது. ஆனால் 50 டென்சிட்டியில் குழைவான மெமரி ஃபோமும் உண்டு, 28 டென்சிட்டியில் விறைப்பான ஃபோமும் உண்டு.

கெட்டித்தன்மைக்குத் தனி அளவு இருக்கிறது. நான்கு அங்குல ஃபோமின் மேல் எட்டு அங்குல விட்டமுள்ள வட்டத் தகட்டை வைத்து அமுக்குவார்கள். ஃபோம் கால் பங்கு அமுங்க எவ்வளவு விசை வேண்டும், 65 சதவீதம் அமுங்க எவ்வளவு வேண்டும் என்று குறித்துக்கொள்வார்கள். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருவது தாங்குதிறன் எண். சாதாரண ஃபோமில் இது இரண்டை ஒட்டி இருக்கும், எச்.ஆர். என்று விற்கப்படும் ஹை ரெசிலியன்ஸ் ஃபோமில் 2.4-ஐத் தாண்டும். மேலே மெத்தென்று இருந்து, அமுங்க அமுங்க எதிர்த்து நிற்கும் குணம் அதனால்தான் வருகிறது. கார் கம்பெனிகள் இருக்கைக்கு எச்.ஆர். ஃபோமை அச்சில் வார்த்துப் பயன்படுத்துவதற்கும் இதுதான் காரணம். சிமுலேட்டருக்கும் இதையே கேட்டு வாங்குங்கள்.

கடைக்காரர் சொல்லும் டென்சிட்டி உண்மைதானா என்று அங்கேயே பார்த்துவிடலாம். 20 அங்குலம் நீளம், 20 அங்குலம் அகலம், 4 அங்குலம் தடிமன் உள்ள துண்டு உண்மையிலேயே 40 டென்சிட்டி என்றால் ஒரு கிலோ 50 கிராம் அளவுக்கு இருக்க வேண்டும். தராசு 800 கிராம் காட்டினால் கையில் இருப்பது 30 டென்சிட்டி. எடை சரியாக இருந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கால்சியம் கார்பனேட் தூள் கலந்து எடையைக் கூட்டுவதும் தொழிலில் உண்டு. அந்த வகை ஃபோமுக்குத் துள்ளல் இருக்காது. வெட்டிய விளிம்பைத் தேய்த்தால் உதிரும்.

அடுக்கு முறை

ஒரே ஃபோமில் எல்லா வேலையையும் முடிக்க நினைப்பதைவிட, கீழே கெட்டி, நடுவே தாங்குவது, மேலே குழைவு என்று மூன்றாகப் பிரிப்பது நல்லது. நான் இப்போது உட்கார்ந்திருக்கும் இருக்கையில் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டின் மேல் ஓர் அங்குல ரீபாண்டட் ஃபோம் இருக்கிறது. வெட்டுத் துண்டுகளை அரைத்து, பசை கலந்து, அழுத்திச் செய்யும் பலநிற ஃபோம் அது. பார்வைக்கு அழகில்லை, விலை குறைவு, நல்ல கெட்டி. அதன்மேல் இரண்டு அங்குலம் 40 டென்சிட்டி எச்.ஆர்., எல்லாவற்றுக்கும் மேலே அரை அங்குல மெமரி ஃபோம். எடை 90 கிலோவைத் தாண்டியவர்கள் நடு அடுக்கை 50 டென்சிட்டியில் போட்டுக்கொள்வது நல்லது.

எலும்பு முனைகள் அழுத்தும் இடத்தை மட்டும் கொஞ்சம் தளர்த்திக் கொடுத்தால் இருக்கையின் தரமே மாறிவிடும். கெட்டியான ஸ்டூலில் அட்டைப்பெட்டியின் நெளி அட்டை ஒன்றை வைத்து, முழங்காலைச் சற்று உயர்த்தி ஒரு நிமிடம் உட்காருங்கள். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு பள்ளங்கள் இருக்கும். சைக்கிளுக்குச் சீட் அளவு எடுக்கும் கடைகளும் இந்த முறையைத்தான் பயன்படுத்துகின்றன. பள்ளங்களின் இடத்தை ரீபாண்டட் அடுக்குக்கு மாற்றி, அங்கே உள்ளங்கை அகலத்துக்கு வெட்டியெடுத்து, எச்.ஆர். துண்டால் நிரப்புங்கள். எடை தொடைக்கும் பகிர்ந்து போகும்.

முதுகுக்கும் இதே பொறுமை வேண்டும். இடுப்பு வளைவுக்கு ஃபோம் வெட்டுவதற்கு முன்னால் ஒரு துவாலையைச் சுருட்டிப் பெல்ட் மட்டத்துக்குச் சற்று மேலே வைத்துச் சில நாள் ஓட்டிப் பாருங்கள். உயரமும் தடிமனும் பிடிபட்ட பிறகு வெட்டலாம். இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி விடுங்கள். முன்விளிம்பை உருட்டலாக வெட்டுங்கள். கால் மரத்துப்போவது பெரும்பாலும் அந்த விளிம்பால்தான்.

மெமரி ஃபோமை அரை அங்குலத்தோடு நிறுத்தியதற்குக் காரணம் நம் ஊர் வெயில். 1966-இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக சார்லஸ் யோஸ்ட் இந்த ஃபோமை உருவாக்கியது விமான இருக்கைகளுக்காகத்தான். மெத்தைக்குள் வந்தது பிற்பாடு. குளிரில் விறைப்பதும் சூட்டில் இளகுவதும் அதன் இயல்பு. ஏ.சி. இல்லாத அறையில், மே மாதத்தில், தடித்த மெமரி ஃபோம் உடம்புச் சூட்டையும் வாங்கிக்கொண்டு குழைந்து தரை தட்டிவிடும். மேல் அடுக்காக மெல்லிசாக இருக்கும்வரை நல்ல பொருள்.

பிரேக்கும் பார்வை மட்டமும்

போர் விமானங்களின் வெளியேற்று இருக்கையில் தடித்த மெத்தான குஷனை வைப்பதில்லை. வெடிவிசை இருக்கையை மேலே தள்ளும்போது முதலில் குஷன் நசுங்கும். அதற்குள் வேகம் பிடித்துவிட்ட இருக்கை, இன்னும் அசையாத விமானியின் முதுகெலும்பில் வந்து இடிக்கும். இருக்கைக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள தளர்வுதான் அங்கே ஆபத்து.

சிமுலேட்டரில் உயிராபத்து இல்லை. ஆனால் அதே தளர்வு ஓட்டும் திறமையைக் கெடுக்கும். நல்ல பெடல்களில் இருக்கும் லோட் செல் பிரேக், கால் எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. எவ்வளவு விசை கொடுக்கிறோம் என்பதைத்தான் அளக்கிறது. காலால் பெடலை மிதிக்கும்போது முதுகு அதே விசையோடு பின்னால் தள்ளுகிறது. முதுகில் தடித்த ஃபோம் இருந்தால் உடம்பு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அளவு பின்னால் போகும். கால் பழகிய அழுத்தம் கைவராது. அதனால் முதுகின் கீழ்ப்பாதிக்கு ஓர் அங்குல கெட்டி ஃபோம் போதும். ஃபைபர் கிளாஸ் பக்கெட் சீட் வாங்கியவர்கள் அடியிலும் ஓர் அங்குலத்துக்கு மேல் போட வேண்டியதில்லை. பட்கிக்கர் போன்ற அதிர்வுக் கருவி வைப்பவர்களும் இதைக் கவனிக்கவும்: எஞ்சினின் நுண்ணிய அதிர்வை மெத்தான ஃபோம் விழுங்கிவிடும். கருவியை ஓட்டிலோ பலகையிலோ நேரடியாக முடுக்குங்கள்.

விமான சிமுலேட்டர் கட்டுபவர்களுக்குப் பார்வை மட்டம் முக்கியம். ஏர்பஸ் விமானத்தின் முன்கண்ணாடி நடுத்தூணில் சின்னப் பந்துகள் இருக்கும். ஒரு பந்து இன்னொன்றை மறைக்கும்வரை விமானி இருக்கையை ஏற்றி இறக்குவார். கண் சரியான இடத்துக்கு வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். வீட்டில் திரையின் உயரம், ஸ்டியரிங், பெடல் எல்லாவற்றையும் உட்கார்ந்து பத்து நிமிடம் ஆனபிறகே அளந்து முடுக்க வேண்டும். ஃபோம் ஓர் அங்குலம் இறங்கினால் கண்ணும் ஓர் அங்குலம் இறங்கும்.

உறை, வெட்டு, பசை

உறை விஷயத்தில் பலர் ரெக்ஸினுக்குப் போகிறார்கள். துடைக்க எளிது, கிழியாது, ஆனால் வியர்வை போக வழியில்லை. பயணிகள் விமானங்களின் காக்பிட்டில் ஆட்டுத்தோல் உறை போடுவது காற்று புழங்குவதற்காகத்தான். நம் ஊருக்கு, இரண்டு வலைகளுக்கு நடுவே நூல்கள் தாங்கும் ஏர் மெஷ் துணி சரியாக இருக்கும். விளிம்புகளுக்கு ரெக்ஸினும் உட்காரும் இடத்துக்கு மெஷ்ஷும் சேர்த்துத் தைக்கச் சொன்னால் குஷன் கடைகளில் தைத்துத் தருவார்கள். உட்காரும் இடத்தில் துணி கொஞ்சம் இழுபடக்கூடியதாக இருக்கட்டும். நீளாத துணியை விறைப்பாக இழுத்து அடித்தால் அது தூளி மாதிரி உடம்பைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். கீழே பார்த்துப் பார்த்து வெட்டிய வளைவுகள் வீணாகும். ரெக்ஸின்தான் வேண்டும் என்பவர்கள் பிளைவுட்டில் அங்கங்கே அரை அங்குலத் துளை போடுங்கள். உட்காரும்போது ஃபோமுக்குள் இருக்கும் காற்று வெளியேற அது வேண்டும்.

ஃபோமை வெட்ட நீளமான, பல் வைத்த பிரெட் கத்தி போதும். அமுக்காமல், நீள இழுப்பாக வெட்டினால் விளிம்பு நேராக வரும். சூடான கம்பியால் வெட்டும் முறை தெர்மோகோலுக்குச் சரி. பாலியூரித்தேனில் அது நச்சுப் புகையைக் கிளப்பும். பசைக்கு ரெக்ஸின் ஒட்டும் ரப்பர் பசை நல்லது. இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பூசி, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் சேர்த்து அழுத்துங்கள். மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசை காய்ந்தால் கட்டியாகி, அடுக்குக்கு நடுவே உறுத்தும்.

இத்தனை வேலைக்கு நேரமில்லை என்பவர்களுக்குச் சென்னையில் பழைய வாகன பாகங்கள் விற்கும் புதுப்பேட்டை இருக்கிறது. பழைய கார் இருக்கை ஒன்றை எடுத்தால் வடிவம், எச்.ஆர். ஃபோம், முன்பின் நகரும் தண்டவாளம் எல்லாம் ஒன்றாகக் கிடைத்துவிடும். வாங்கும்போது அடிப்பக்கத்தைத் திருப்பி ஃபோமைக் கிள்ளிப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் வேண்டாம். இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் என்ற சின்ன லேபிள் தைத்திருந்தால் அதைத் தொடாதீர்கள். உள்ளே வெடிமருந்து இருக்கும். அதில் டிரில் போடுவது ஆபத்து.

கடைசியாகச் சொல்ல வேண்டியது நெருப்பைப் பற்றி. 1979 மே மாதம் மான்செஸ்டர் நகரத்தில் ஓர் அங்காடியின் ஃபர்னிச்சர் பிரிவில் தீப்பிடித்துப் பத்துப் பேர் இறந்தார்கள். பழுதான மின் ஒயர் காரணமாகக் கருதப்பட்டது. அடுக்கி வைத்திருந்த பாலியூரித்தேன் ஃபோம் எரிந்து கிளம்பிய கரும்புகைதான் ஆட்களைக் கொன்றது. 1988-இல் பிரிட்டன் ஃபர்னிச்சர் தீப்பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியதற்கு அந்த விபத்தும் ஒரு காரணம். ஃபோம் எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும். சிமுலேட்டர் இருக்கைக்கு அடியில்தான் ஸ்டியரிங் மோட்டாரின் பவர் சப்ளை, ஆம்ப்ளிஃபயர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாம் போய்ச் சேர்கின்றன. அவற்றை ஃபோமுக்குக் கீழே வைக்காமல் பக்கவாட்டில் திறந்த இடத்துக்கு மாற்றுங்கள். பசை பூசும் வேலையை மாடியிலோ வாசலிலோ வைத்துக்கொள்ளுங்கள். விளையாடி முடித்ததும் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு எழுந்திருங்கள்.