ஒரு சிரட்டைச் சோறு

அன்பு மருமகன்,



உன் நெல் மில்லில் எலித்தொல்லை என்று நீ வாங்கிய ஜாக் ரஸல் குட்டி நாலு மாதமாகியும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்று எழுதியிருந்தாய். காகம் பறந்தால் காகத்துக்குப் பின்னால் ஓடுகிறது, பூனை குறுக்கே போனால் பூனைக்குப் பின்னால் ஓடுகிறது. வைத்த சோற்றையும் பாதியில் விட்டுவிட்டுப் போகிறது. சொல்புத்தியும் கேளாது, சோற்றுக்கும் நிற்காது என்று இரண்டு குறையாக எழுதியிருக்கிறாய். எனக்கு இரண்டும் ஒன்றாகவே படுகிறது. அந்தக் குட்டியிடம் கவனம் நிறைய இருக்கிறது. அதை உன் பக்கம் திருப்புவதற்கான கூலியை நீ இன்னும் கொடுக்கத் தொடங்கவில்லை. அந்தக் கூலி உன் கையில்தான் இருக்கிறது. அதை நாளுக்கு மூன்று தரம் கோப்பையில் கொட்டி, ஒன்றும் கேளாமல் கொடுத்துவிடுகிறாய்.

முதலில் அது என்ன வேலைக்குப் பிறந்தது என்று பார். டெரியர் என்ற பேரே மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மண்ணுக்குள் வளை பறித்துக் கிடக்கும் நரியையும் எலியையும் தேடிப் புகுந்து விரட்டுவதற்காக இங்கிலாந்தில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்த நாய் இது. உன் குட்டியின் இனத்துக்குப் பேர் கொடுத்த ஜோன் ரஸல் டெவன் பகுதிப் பாதிரியார். ஒக்ஸ்போர்டில் படிக்கும்போது 1819இல் ஒரு பால்காரரிடம் வாங்கிய ‘ட்ரம்ப்’ என்ற பெட்டையிலிருந்து இந்த வழி தொடங்கியது என்பது வரலாறு. வடக்கே யோர்க்ஷயரில் நெசவாலைகளில் எலி பிடிக்கவும் ஒரு டெரியர் இனம் இருந்தது. மருதமுனையில் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்த உனக்கு அந்த ஆலைகளைக் கற்பனை செய்வது கஷ்டமாக இராது. 1823இல் லண்டனில் ‘பில்லி’ என்ற டெரியர் ஒரு குழிக்குள் விட்ட 100 எலிகளை ஐந்தரை நிமிடத்தில் கொன்றது. பந்தயத்துக்காக நடத்திய கொடுமை அது, நான் அதை மெச்சவில்லை. ஆனால் ஐந்தரை நிமிடமும் கண்ணை எடுக்காமல் வேலை செய்த ஒரு சாதியைக் கவனமில்லாத சாதி என்று எப்படிச் சொல்வது? ஆடு மேய்க்கும் நாய் இடையனின் கையையும் விசிலையும் பார்த்துத்தான் வேலை செய்யும். டெரியருக்கு வளைக்குள்ளே எசமான் கிடையாது, இருட்டில் தானே முடிவெடுக்க வேண்டும். மனிதன் முகத்தைப் பார்ப்பது அதன் இரத்தத்தில் குறைவு. அதைப் பழக்கித்தான் உண்டாக்க வேண்டும்.

பழக்கம் எப்படி உண்டாகும் என்பது இன்று ஊகம் அல்ல. அமெரிக்க உளவியலாளர் தோர்ன்டைக் 1898இல் பூனைகளைப் பெட்டிக்குள் அடைத்துச் செய்த சோதனைகளில், உணவில் முடிந்த செய்கை திரும்பத் திரும்ப வந்தது, ஒன்றிலும் முடியாத செய்கை மெல்ல மறைந்தது. உன் வளவில் நடப்பதை அந்தக் கண்ணால் பார். தென்னையிலிருந்து காகம் இறங்குகிறது. குட்டியின் காது எழும்புகிறது, முதுகு விறைக்கிறது, முன்காலில் ஒன்று தரையை விட்டுத் தூக்கி நிற்கிறது. அதற்கும் ஓட்டத்துக்கும் நடுவே அரை வினாடிதான். ஓடியபின் நீ கத்துகிறாய். ஓட்டம் அதற்குச் சந்தோஷத்தில் முடிகிறது, உன் சத்தம் ஒன்றிலும் முடியவில்லை. எதை அது திரும்பச் செய்யும்? அந்த அரை வினாடிக்குள் பேரை ஒரே ஒரு தரம் சொல். கண்ணின் ஓரம் உன் பக்கம் வந்தாலே போதும், ‘சரி’ என்று சொல்லி அந்தக் கணமே ஒரு துண்டு மீனைப் போடு. இரண்டு வினாடி பிந்தினால் அது மண்ணை முகர்ந்ததற்கோ உட்கார்ந்ததற்கோ கூலி கிடைத்ததாகக் கணக்கு வைத்துக்கொள்ளும்.

ஆகவே நாள் முழுவதற்குமான தீனைக் காலையிலேயே அளந்து வை. மூன்றில் ஒரு பங்கை ஒரு சிரட்டையில் தனியே எடு, துண்டுகள் கடலைப்பருப்பு அளவுக்கு மேல் வேண்டாம். பாடம் எப்போதும் சாப்பாட்டுக்கு முன்னால்தான். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம், அதைத் தாண்டாதே. முதல் வாரம் கதவை மூடிய மில் அறைக்குள்ளே செய். அங்கே பத்துக்கு ஒன்பது தரம் பேருக்குத் திரும்பினால் வளவுக்கு வா, பிறகு ஒழுங்கை, கடைசியாக ஆட்களும் லொறியும் நெல்மூடையும் உள்ள மில் முற்றம். படி ஏறும்போது பாடம் மறந்ததுபோலத் தெரியும். ஒரு படி கீழே இறங்கு, கோபப்படாதே. சுபஹு தொழுத பிறகும் அசருக்குப் பிறகும் நல்ல நேரம், கடற்கரை வெயிலில் நடுப்பகலில் தரையே காலைச் சுடும். இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. இந்த வயதுக் குட்டி நாளில் பெரும்பகுதியைத் தூங்கிக் கழிக்க வேண்டியது. தூக்கம் கெட்ட குட்டிதான் கடித்துப் பிடுங்கி ஓடித் திரியும், பார்ப்பவர்களுக்கு அது குறும்பாகத் தெரியும். மில்லில் சத்தம் குறைந்த ஒரு மூலையில் அதற்கு ஒரு கூடு வை. ஆறு மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் இடையில் படித்ததையெல்லாம் மறந்ததுபோல ஒரு பருவம் வரும். அப்போது கைவிட்டு விடாதே.

கோப்பையை அரைமணி நேரத்துக்கு மேல் தரையில் விடாதே. மிச்சத்தை எடுத்துவிடு, அடுத்த வேளை வரை ஒன்றும் கொடாதே. சுறுசுறுப்பாக இருக்கும் குட்டிக்கு இதனால் கெடுதல் இல்லை. நாள் முழுக்க உண்ணாமல் சோர்ந்து கிடந்தால் அது வேறு, மிருக வைத்தியரிடம் கொண்டு போ. ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு வேளை. வெறும் சோறும் ஆணமும் வளரும் எலும்புக்குப் போதாது. இறைச்சி மட்டும் கொடுத்தாலும் சுண்ணாம்புச் சத்துக் குறையும். அடிப்படைக்குக் குட்டிகளுக்கென்று கடையில் விற்கும் உலர்தீன் நல்லது, பன்றி சேர்ந்ததா என்று பையில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்கு. கூலித் துண்டுக்கு உப்பும் தூளும் போடாமல் அவித்து முள் எடுத்த கீரி மீன், அவித்த முட்டை, கொஞ்சம் கோழி. வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், அதனால் வீட்டுக் கறி, சம்பல், நோன்புக் கஞ்சி எதுவும் ஆகாது. முந்திரிகை வத்தல் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சொக்லேட்டும் நஞ்சு. பெருநாளில் பிரியாணிச் சட்டியை வழித்துப் போடும் அன்பு அதற்கு ஆபத்து. வெந்த கோழி எலும்பு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். கூலி கொடுத்தே கொழுத்துவிடுமே என்று நீ கேட்கலாம். கூலி அளந்த தீனிலிருந்து போவதால் மொத்தம் கூடாது. ஆனாலும் வளர்ந்தபின்னும் ஆறேழு கிலோவைத் தாண்டாத உடம்பு இது, ஒரு கைப்பிடிச் சோறு உனக்குச் சின்னது, அதற்குப் பெரியது. விலாவைத் தடவிப் பார், எலும்பு விரலுக்குத் தெரிய வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது.

இனி உன் உம்மாவின் சங்கடம். அதை லேசாக எடுத்துக்கொள்ளாதே. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் சட்டப்படி நாயின் எச்சில் கடுமையான நஜீஸ், அசுத்தம். பட்ட இடத்தை ஏழு தரம், அதில் ஒரு தரம் மண் கலந்து கழுவ வேண்டும். இதில் மாறுபட்ட மாலிகி மத்ஹபின் கருத்தை எடுத்துக்கொண்டு உம்மாவிடம் வாதாடப் போகாதே, அவருடைய வணக்கம் அவருடைய மனநிம்மதி. வேட்டைக்கும் கால்நடைக்கும் பயிருக்கும் நாய் வளர்க்க ஹதீஸில் இடமிருக்கிறது. அதை ஒத்துநோக்கி, காவலுக்கு வளர்ப்பதும் ஆகும் என்பதே சரியான கருத்து என்று இமாம் நவவி எழுதியிருக்கிறார்கள். நெல் களஞ்சியத்தைக் காப்பது அதற்குள் அடங்குமா என்று உன் பள்ளி மௌலவியிடமும் கேட்டுக்கொள். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. குர்ஆனின் மாயிதா அத்தியாயத்தின் 4ஆவது வசனம் பழக்கிய நாய் பிடித்த வேட்டையை ஆகுமாக்குகிறது. பழக்கிய நாய் எது என்று சட்ட அறிஞர்கள் வகுத்த நிபந்தனைகளைப் பார்: ஏவினால் போக வேண்டும், நிறுத்தினால் நிற்க வேண்டும், பிடித்ததைத் தின்னக் கூடாது, இவை தற்செயலாக ஒரு தரம் நடந்தால் போதாது, பழக்கமாகும் வரை திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். கற்ற நாய்க்கும் கல்லாத நாய்க்கும் நமது சட்டத்திலேயே தகுதி வேறு. நாயைப் பழக்குவது வெள்ளைக்காரன் விளையாட்டு என்று யாராவது சொன்னால் இதைச் சொல். எச்சில் விஷயத்துக்குக் கையால் ஊட்டாமல் துண்டைத் தரையில் போடு அல்லது நீண்ட அகப்பையால் வை. அதன் கோப்பையும் கூடும் மில்லிலேயே இருக்கட்டும், குழாயடியில் ஒரு வாளி மண் வைத்துக்கொள். நாயின் உடம்பும் உன் கையும் உலர்ந்திருந்தால் தொடுவதால் நஜீஸ் ஒட்டாது.

‘சாப்பாடு காட்டிப் பழக்குவது லஞ்சம் கொடுப்பதுபோல, நாளைக்குக் கையில் ஒன்றும் இல்லாவிட்டால் கேளாது, இரண்டு அடி போட்டால் உடனே சரிவரும்’ என்பது மில்லில் உள்ளவர்களின் பேச்சு என்று எழுதியிருந்தாய். லஞ்சம் வேலைக்கு முன்னால் காட்டுவது, கூலி வேலைக்குப் பின்னால் கொடுப்பது. நீ துண்டை முதலில் ஆட்டிக் காட்டினால் அவர்கள் சொல்வது சரிதான். சிரட்டை கண்ணில் படாமல் பின்னால் இருக்கட்டும். பழக்கம் ஊறிய பிறகு ஒவ்வொரு தரமும் கொடாதே, இரண்டு தரத்துக்கு ஒன்று, பிறகு ஐந்துக்கு ஒன்று என்று அது எதிர்பாராத வகையில் கொடு. எப்போது வரும் என்று தெரியாத கூலிக்காக அது விடாமல் உன்னைப் பார்க்கும். அடி உடனே வேலை செய்வதுபோலத் தெரிவது உண்மை, ஓடும் நாய் நின்றுவிடும். ஆனால் திரும்பி வந்த நாயை ஓடியதற்காக அடித்தால், அது படிப்பது ‘வந்தால் அடி’ என்பதைத்தான். ‘வா’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒருநாளும் கோபம் வரக் கூடாது, எவ்வளவு பிந்தி வந்தாலும் சரி. கல்முனையின் பிரதான வீதியில் பஸ்ஸும் ஓட்டோவும் ஓடுகிற ஓட்டத்தில் அந்தச் சொல் ஒருநாள் அதன் உயிரைக் காக்க வேண்டியிருக்கும்.

எவ்வளவு பழக்கினாலும் உயிருள்ள எலி கண்முன் ஓடும்போது டெரியர் சொல் கேட்கும் என்று நான் உறுதி தர மாட்டேன். அதனால் வளவுக்கு வெளியே பத்து மீற்றர் கயிறும் மார்புவாரும் இல்லாமல் விடாதே, கழுத்துப்பட்டியில் நீண்ட கயிறு கட்டினால் வெட்டி இழுக்கும்போது கழுத்து நோகும். ஒரு வயதுக்கு முன் எலியோடு மோத விடாதே. எலியின் சிறுநீரால் வரும் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நமக்கும் வரும். 2008இல் இலங்கை முழுவதும் 7,000க்கும் மேற்பட்டவர்கள் அந்தச் சந்தேகத்தில் பதிவானார்கள், வயலில் இறங்குகிறவர்களுக்கு இது கதை இல்லை. மில்லில் எலிப்பாஷாணம் வைக்கிற வழக்கம் இருந்தால் இன்றே நிறுத்து. நஞ்சு தின்ற எலியைத் தின்றால் நாயும் சாகக் கூடும். நஞ்சும் நாயும் ஒரே மில்லில் இருக்க முடியாது. விசர்நாய்த் தடுப்பூசிக்கு உன் குட்டிக்கு வயது வந்துவிட்டது. அந்த ஊசியோடு எலிக்காய்ச்சல், பார்வோ ஊசிகளையும் மிருக வைத்தியரிடம் கேள், அட்டையைப் பத்திரமாக வை.

வாரக் கடைசியில் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி அனுப்பு: மூடிய அறைக்குள் பத்துத் தரம் பேர் சொன்னதில் எத்தனை தரம் கண் உன் பக்கம் வந்தது, கோப்பையில் எவ்வளவு மிஞ்சியது. இரண்டு எண்ணும் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு வளவுக்கு எப்போது இறக்குவது என்று சொல்கிறேன். உம்மாவுக்கு என் ஸலாம்.

வஸ்ஸலாம்,
உன் மாமா