சூனியக்காரிகள் கதையும் அதனைப் படித்தோரும்



ஒரு நூலைப் படித்த இருவர் ஒரே கருத்தைக் கூறுவது அரிது. ஒருவர் போற்றும் நூலை மற்றவர் வெறுப்பர். அவ்வேளையில், இருவருள் ஒருவர் நூலைச் சரியாகப் படிக்கவில்லை என்று நாம் விரைந்து முடிவு செய்துவிடுகிறோம். உண்மை அத்துணை எளிதன்று. இதனை விளக்குவதற்கு, நம் பிள்ளைகளுட் பலர் ஆங்கிலத்தில் விரும்பிப் படிக்கும் மாயக்கதை ஒன்றை இவ்வாண்டு மலருக்குரிய பாடமாக எடுத்துக்கொள்வோம். றோல்ட் டால் என்பார் எழுதி, 1983ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த 'த விற்சஸ்', அதாவது 'சூனியக்காரிகள்' என்னும் நூலே அது.

கதைச் சுருக்கம்

கதையைச் சொல்லும் சிறுவனுக்குப் பெயர் கூறப்படவில்லை. அவனுடைய தாய் தந்தையர் நோர்வே நாட்டில் நிகழ்ந்த வாகன விபத்தில் இறந்துவிடுகின்றனர். நோர்வேயிற் பிறந்த பாட்டியே அவனை வளர்க்கிறார். சூனியக்காரிகள் உண்மையில் உளர் என்றும், அவர்கள் சாதாரணப் பெண்களைப் போலவே உடுத்து ஊரோடு ஊராக வாழ்கின்றனர் என்றும், கைகளை மறைக்கக் கையுறையும் வழுக்கைத் தலையை மறைக்கப் பொய்முடியும் அணிவர் என்றும் பாட்டி அவனுக்குக் கற்பிக்கிறார். பின்னர், போண்மத் என்னும் கடற்கரை நகரின் விடுதியொன்றிற் சிறுவர் வதைத் தடுப்புச் சங்கத்தார் என்ற போர்வையிற் கூடிய சூனியக்காரிகளிடம் அவன் அகப்பட்டுச் சுண்டெலியாக மாற்றப்படுகிறான். அறிவும் பேச்சும் மட்டும் அவனை விட்டு நீங்கவில்லை. பாட்டியும் பேரனும் சேர்ந்து சூனியக்காரிகளின் மருந்தை அவர்கள் உண்ணும் சூப்பிலேயே கலந்து அவர்களை வெல்கின்றனர். எனினும் சிறுவன் இறுதிவரை சுண்டெலியாகவே இருக்கிறான்.

படித்தோர் கூறியவை

வெளிவந்த ஆண்டிலேயே இந்நூல் சிறுவர் நூலுக்கான விட்பிரெட் பரிசைப் பெற்றது. பிள்ளைகளின் அச்சத்தையும் நகைச்சுவையையும் ஒருங்கே அறிந்த நூல் என்று பலர் பாராட்டினர். அதே நூல், நூலகங்களிலிருந்து நீக்கப்படவேண்டும் என்ற முறைப்பாட்டுக்கும் ஆளாயிற்று. அத்தகைய முறைப்பாடுகள் 1990 முதல் 1999 வரை மிகுதியாக எழுந்த 100 நூல்களை அமெரிக்க நூலகச் சங்கம் பட்டியலிட்டபோது, அதில் இதுவும் இடம்பெற்றது.

பெண்கள் சார்பில் எழுந்த மறுப்பு முதன்மையானது. சூனியக்காரிகள் யாவரும் பெண்களே என்று கதை கூறுகிறது. பெண்களைத் தாம் இழித்துரைக்கவில்லை என்றொரு விளக்கமும் நூலிலே உண்டு. ஆயினும் அவ்விளக்கம் பலருக்கு நிறைவளிக்கவில்லை. அவர்களது கவலைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பாட்டி பிறந்ததாகக் கதை கூறும் அதே நோர்வேயின் வட கோடியிலே, 17ஆம் நூற்றாண்டிற் சூனியக் குற்றஞ் சாட்டப்பட்டு 91 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் பெண்கள். வார்டோ என்னும் ஊரில் அவர்களுக்கான நினைவிடம் 2011ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 'சூனியக்காரி' என்ற சொல் ஓர் உயிரைப் பறிக்கப் போதுமானதாக இருந்த காலம் ஒன்று இருந்தது.

கதையின் முடிவும் சர்ச்சைக்குள்ளாயிற்று. 1990இல் வெளிவந்த திரைப்படத்திற் சிறுவன் மீண்டும் மனிதனாகிறான். நூலாசிரியருக்கு அம்மாற்றம் பிடிக்கவில்லை. 2023இற் பதிப்பகத்தார் இந்நூலின் சில சொற்களையும் வரிகளையும் மாற்றினர். பெண்கள் பொய்முடி அணிவதற்கு வேறு பல காரணங்களும் இருக்கலாம் என்ற கருத்துடைய வரியொன்று சேர்க்கப்பட்டது. எழுத்தாளர் சல்மான் ருஷ்டி முதலியோர் கண்டித்தனர். பழைய வடிவமும் தொடர்ந்து கிடைக்கும் என்று பதிப்பகம் அம்மாதமே அறிவித்தது.

நாம் எவ்வாறு படிக்கிறோம்?

ஏதிலிகளாய் வந்த நம்மிற் பலரை இக்கதையின் ஓரிடம் உறுத்தும். அயலில் வாழும் சாதாரண மனிதர் எவரும் மறைந்திருக்கும் பகைவராகலாம் என்பதே அது. பெயரையும் பேச்சையும் அடையாள அட்டையையும் பார்த்து ஓர் இனம் முழுவதையும் ஐயுறுவது எத்தகைய துன்பம் என்பதைச் சோதனைச் சாவடிகளில் வரிசையாக நின்ற நாம் அறிவோம்.

அதே நூலின் மற்றோரிடம் நம் நெஞ்சை நெகிழ்விக்கும். போரிலே பெற்றோரை இழந்து அம்மம்மாவின் கைப்பிடியில் வளர்ந்த பிள்ளைகள் நம்மிடையே உளர். பாட்டிக்கு வயது 86. சுண்டெலியாகிவிட்ட சிறுவனோ ஏறத்தாழ 9 ஆண்டுகளே வாழ்வான். பாட்டிக்குப் பின் தான் தனித்து வாழ நேராதென்று அவன் மகிழ்கிறான். இதனை நம் மூத்த வகுப்பில் வினாவாக இட்டபோது, சிறுவன் மனிதனாகியிருந்தாலே நீதி என்றான் ஒரு மாணவன். "அம்மம்மா இருக்கிறா தானே, பிறகென்ன?" என்றாள் ஒரு மாணவி. இருவரும் நூலை நன்கு படித்தவர்களே. ஒருவன் இழந்ததை எண்ணினான். மற்றவள் எஞ்சியதை எண்ணினாள்.

ஆகவே, நம்மை உறுத்தும் பக்கமும் நம்மைத் தேற்றும் பக்கமும் ஒரே அட்டைக்குள்ளே உள்ளன. வாசகர் தம் வாழ்வைக் கையிற் கொண்டே நூலைத் திறக்கின்றனர். கருத்து வேறுபடுவது இயல்பு. ஆனால் நூலிலிருந்து சான்று காட்டாத கருத்து வெறும் கூற்றேயாகும். சொன்னவர் யாரென்று பாராது சொல்லின் மெய்ப்பொருளைத் தேடுமாறு வள்ளுவப் பெருந்தகை பணித்ததும் இதன்பொருட்டே.

பெற்றோருக்கு ஒரு சொல்

அட்டைப்படத்திற் சூனியக்காரியைக் கண்டவுடன் நூலைப் பறித்து வைக்க வேண்டா. பறிக்கப்பட்ட நூலைப் பிள்ளை வேறிடத்திற் படிக்கும். அப்பொழுது அதைப் பற்றி உங்களிடம் பேசாது. ஆங்கில நூலைப் படிப்பது உங்களுக்குக் கடினமாயின், கதையைத் தமிழிற் சொல்லும்படி பிள்ளையைக் கேளுங்கள். பிள்ளையின் தமிழும் வளரும். அதன் மனத்தில் எது தங்கியது என்பதும் உங்களுக்குப் புலனாகும். றோல்ட் டால் 1916இல் வேல்ஸ் நாட்டிற் பிறந்தவர். பெற்றோர் நோர்வேயிலிருந்து குடிபெயர்ந்தவர்கள். வீட்டிலே நோர்வே மொழி பேசியும், தாய் சொன்ன அந்நாட்டுக் கதைகளைக் கேட்டுமே அவர் வளர்ந்தார். வேற்று நாட்டில் ஒரு தாய் தன் மொழியிற் சொன்ன கதைகள் வீண்போகவில்லை.

மாணவர் பயிற்சி

1. நீங்கள் அண்மையிற் படித்த கதையொன்றின் சுருக்கத்தைப் பத்து வாக்கியங்களில் தமிழில் எழுதுக.

2. அக்கதையில் உங்களுக்குப் பிடித்த ஓரிடத்தையும் பிடிக்காத ஓரிடத்தையும் பக்க எண்ணுடன் குறித்துக் காரணம் கூறுக.

3. உங்கள் கருத்தை ஏற்காத ஒருவர் யாது கூறுவார்? அவர் பக்கத்து நியாயத்தை, அவரே ஏற்றுக்கொள்ளும் வண்ணம் எழுதுக.

மூன்றாம் வினாவே கடினமானது. அதற்கு நன்கு விடையெழுதும் மாணவருக்கே கூடிய புள்ளிகள் வழங்குவோம்.