பந்தியில் விளங்கும் ஐக்கியம்

தியானப் பகுதி: கலாத்தியர் 2:11-14, யோவான் 15:15



1910ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகளில் ஆசிய சபைகளைச் சேர்ந்தவர்கள் மிகச் சிலரே. அவர்களில் ஒருவர், திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. அப்போது அவருக்கு வயது 35. மிஷனெரிமாரின் தியாகங்களை அவர் நன்றியோடு அறிக்கையிட்டார். ஆயினும் அவர்களுக்கும் இந்திய ஊழியருக்கும் நடுவே நின்ற இடைவெளியை அவர் மறைக்கவில்லை. உதவி வந்தது, உபதேசம் வந்தது, சிநேகம் வரவில்லை. அந்தச் சிநேகத்தையே அவர் கேட்டார். கேட்டவர்களில் சிலருக்கு அது கசப்பாயிருந்தது.

1. நட்பு சுவிசேஷத்தின் காரியம்

அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு உட்கார்ந்து உணவருந்தி வந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்தபோதோ, பயந்து பந்தியை விட்டு விலகினார். அவருடைய உபதேசம் மாறவில்லை. கொர்நேலியுவின் வீட்டில் தேவன் கற்பித்ததை அவர் மறக்கவுமில்லை. உட்காரும் இடம் மட்டுமே மாறியது. ஆனால் பவுல் அதைச் சிறு காரியமாக எண்ணாமல், சுவிசேஷத்தின் சத்தியத்துக்கே மாறான நடக்கையென்று எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொண்டார். பிரசங்க பீடத்தில் சொல்லும் ஐக்கியம் பந்தியில் பரீட்சிக்கப்படுகிறது.

2. கேட்டவர் தாமே கொடுக்கவும் வேண்டும்

பிறரிடம் நட்பைக் கேட்ட அசரியா, மாநாட்டுக்கு முந்தின ஆண்டே தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கலுக்குப் புறப்பட்டிருந்தார். அங்கே அந்நியர் அவரே; மொழியும் வழக்கமும் வேறு. அவர் தெலுங்கு கற்றார். ஒடுக்கப்பட்ட மாலா, மாதிகா மக்களின் கிராமங்களில் ஊழியஞ்செய்தார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம்பெற்ற பின்பும், 1945இல் தமது மரணமட்டும் தோர்ணக்கலே அவருடைய ஊழியத்தலமாயிருந்தது.

3. நம்முடைய பங்கு

இன்று நாமும் வடதேசப் பணித்தளங்களுக்கு ஊழியரை அனுப்புகிறோம், காணிக்கையும் கொடுக்கிறோம். ஆனால் அன்று அசரியா சுட்டிக்காட்டிய குறை இன்று நம்மிடத்தில் காணப்படுகிறதா? அவ்விடத்து விசுவாசியின் வீட்டில் அவர் சமைத்ததை மகிழ்ச்சியோடு புசிக்கிறோமா? அவருடைய ஆலோசனைக்குச் செவிகொடுக்கிறோமா? நம் ஊருக்கு வேலை தேடி வந்த வடநாட்டுச் சகோதரன் ஆலயத்தின் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தால், ஆராதனை முடிந்ததும் அவர் பெயரைக் கேட்கிறோமா? கொடுக்கிறவனாய் மட்டும் நிற்பவன் எஜமானாகவே இருக்கிறான்; பெற்றுக்கொள்ளவும் அறிந்தவனே சிநேகிதனாகிறான். நம்மை ஊழியக்காரரென்று அல்ல, சிநேகிதரென்று அழைத்த ஆண்டவர், சமாரிய ஸ்திரீயிடம் தண்ணீர் கேட்கவும் வெட்கப்படவில்லையே!

இம்மாதத்தில், மொழியாலோ ஜாதியாலோ நமக்கு வேறுபட்ட ஒரு விசுவாசியின் வீட்டுக்குச் சென்று, அவர் தருவதைப் பெற்றுக்கொள்வோமாக.

ஜெபம்: நடுச்சுவரைத் தகர்த்த ஆண்டவரே, நாங்கள் மறுபடியும் கட்டியவைகளை எங்களுக்குக் காண்பியும். பந்தியை விட்டு விலகாத அன்பை எங்களுக்குத் தாரும். ஆமென்.