6 மணி நேரமும் 100 நாளும்

சில ஆண்டுகளுக்கு முன் தில்லியில் என் தாயார் காலமானார். கண்களைத் தானம் செய்ய வேண்டும் என்பது அவரது விருப்பம். "சென்னையிலிருந்து அண்ணா வந்து முகம் பார்க்கட்டும், அப்புறம் சொல்லலாம்" என்றார்கள் உறவினர்கள். 6 மணி நேரத்துக்குள் கருவிழியை எடுத்துவிட வேண்டும் என்பதை அறிந்திருந்ததால், உடனே கண் வங்கிக்குப் போன் செய்தேன். அண்ணா வந்தபோது அம்மாவின் முகம் தூங்குவது போலவே இருந்தது.

எடுத்த கருவிழியைத் தகுந்த திரவத்தில், குளிரில், 14 நாள் வரை வைக்கலாம். சிறுநீரகம் ஐஸில் சுமார் ஒரு நாள் தாங்கும். கல்லீரல் சுமார் 12 மணி நேரம். இதயத்துக்கோ 4 முதல் 6 மணி நேரந்தான்.

ஃப்ரீசரில் உறைய வைத்தால் என்ன? குழந்தைகளே, ஒரு தக்காளியை இரவு ஃப்ரீசரில் வைத்து, காலையில் வெளியே எடுத்து வையுங்கள். உருகியதும் கொழகொழவென்று ஆகிவிடும். நீர் உறையும்போது உண்டாகும் பனிப் படிகங்கள் அதன் உயிரணுக்களைக் கிழித்துவிடுகின்றன. நம் உறுப்புகளிலும் பெரும்பகுதி நீர்தானே!

இதற்கு விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். படிகத்தைத் தடுக்கும் திரவத்தை உறுப்பில் செலுத்தி, வேகமாகக் குளிர்வித்து, கண்ணாடி போன்ற நிலைக்குக் கொண்டுவருகிறார்கள். மீண்டும் சூடாக்குவதுதான் கடினம். ஓரிடம் முந்தி, ஓரிடம் பிந்திச் சூடேறினால் உறுப்பு விரிசல் விடும். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தார் மிக நுண்ணிய இரும்பு ஆக்சைடு துகள்களை முன்பே உள்ளே செலுத்தி, காந்தப் புலத்தால் உறுப்பு முழுவதையும் சீராகச் சூடாக்கினர். இவ்வாறு 100 நாள் வரை பாதுகாத்த சிறுநீரகங்களை எலிகளுக்குப் பொருத்தியபோது அவை வேலை செய்தன என்று 2023-இல் அறிவித்தனர்.

மனிதச் சிறுநீரகம் அதைவிடப் பன்மடங்கு பெரிது. அங்கே போய்ச் சேரப் பொறுமையும் பணமும் வேண்டும். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை இத்துறைக்கென ஓர் ஆய்வு மையம் அமைக்க, 2020-இல், 5 ஆண்டுகளுக்கு 2 கோடியே 60 லட்சம் டாலர் ஒதுக்கியது.

தெரிந்தவரின் அறுவை சிகிச்சைக்கு என்றால் நாம் மனமுவந்து கொடுக்கிறோம். ஆராய்ச்சிக்குக் கொடுக்கத் தயங்குகிறோம். பலன் பெறுபவர் முகம் தெரிவதில்லை. என் அம்மாவின் கண்களைப் பெற்றவர் யாரென்று எனக்கும் தெரியாது. அதனால் அந்தத் தானம் குறைந்துவிட்டதா, என்ன?

அந்த 100 நாள் நமக்கும் வாய்க்கும்வரை, 6 மணி நேரத்தை மறவாதீர்கள். கண் வங்கியின் எண்ணை இன்றே வீட்டில் எழுதி வையுங்கள்.