கையடக்கச் சேமிப்பும் காவலும்

ஏட்டுச்சுவடியே நம் முன்னோரின் கையடக்கச் சேமிப்புக் கருவி. கரையானும் ஈரமும் அதனை அரித்தன. ஆயினும் ஒரே நூலைப் பலர் பெயர்த்தெழுதி வைத்தமையால், ஓர் ஏட்டில் சிதைந்த பகுதி மற்றோர் ஏட்டில் கிடைத்தது. 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் பல படிகளை ஒப்புநோக்கியே பாடத்தைத் துணிந்தார்.

இன்று அவ்வேட்டின் இடத்தைப் பென்டிரைவ் பெற்றுள்ளது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியபின் இயந்திரத் தொழில் பெருகிய ஊர் ஓசூர். சி.என்.சி. இயந்திரத்தை இயக்கும் நிரலும், உதிரி உறுப்பின் வரைபடமும் விரலளவான இக்கருவியில் அடங்கிவிடுகின்றன. அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து பெங்களூர் செல்லும் பேருந்தில் அது நழுவி விழுந்தால், இழப்பு சில நூறு ரூபாய் மட்டுமன்று. சிறு பட்டறையின் கையிலுள்ள வரைபடம் பெரும்பாலும் வேலை கொடுத்த நிறுவனத்திற்குரியது. அஃது அடைக்கலப் பொருள், அமானிதம். அதனைக் காக்கும் வழிகள் மூன்று.

முதலாவது, படியெடுத்தல். பென்டிரைவ் மின்னூட்டத்தால் தரவைத் தாங்குவது, திடீரெனப் பழுதுறலாம். ஆதலின் ஒரே படியை அதில் மட்டும் வைத்தல் தகாது. வேறோர் இடத்திலும் ஒரு படி இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, பூட்டுதல். கோப்பை நீக்கினால் பட்டியலிலிருந்து பெயர்தான் மறைகிறது. உள்ளடக்கத்தை மீட்பு மென்பொருளால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். எனவே தொடக்கத்திலேயே தரவை மறையாக்கம் செய்து கடவுச்சொல்லால் காத்தல் நலம். விண்டோஸின் சில பதிப்புகளில் உள்ள 'பிட்லாக்கர்' இதற்கு உதவும். கடவுச்சொல்லை மறந்தால், மீட்புத் திறவுகோலைத் தனியே போற்றி வைக்காவிடில் உரியவரும் உள்ளே நுழைய இயலாது.

மூன்றாவது, வாயிற்காவல். 2010இல் கண்டறியப்பட்ட 'ஸ்டக்ஸ்நெட்' என்னும் நச்சுநிரல், இணையத்தோடு இணையாத கணிப்பொறிகளையும் பென்டிரைவ் வழியே அடைய வல்லதாய் இருந்தது. அது பரவிய நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. ஆகவே வெளியிலிருந்து வரும் கருவியைச் சோதிக்காமல் ஆலை இயந்திரத்தில் செருகலாகாது. வழியிற் கிடந்ததை எடுத்துச் செருகுதல் அதனினும் தீது.

சட்டமும் இதனைக் கருதியுள்ளது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43ஆம் பிரிவு, உரியவர் இசைவின்றித் தரவைப் படியெடுப்போர் இழப்பீடு தரவேண்டும் என்கிறது. கழற்றி எடுத்துச் செல்லும் சேமிப்புக் கருவியிலுள்ள தரவும் இதில் அடங்கும். நேர்மையற்ற நோக்குடன் செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

நாளை இவ்வாலைகளில் பணியேற்கவிருக்கும் மாணவர்காள்! பட்டறிவும் பட்டமும் வேலையைப் பெற்றுத் தரலாம். பிறர் நம்பி ஒப்படைத்ததைப் பிறர் கைக்குப் போகாமல் காப்பவரையே தொழிலுலகம் தன்னோடு நிலைநிறுத்திக்கொள்ளும். அக்காவலை ஆய்வேட்டையும் வகுப்புக் குறிப்பையும் சுமக்கும் இன்றைய பென்டிரைவிலிருந்தே தொடங்குவீராக!