கடலைத் தோலின் துவர்ப்பு

மாணவர்களே! வறுத்த வேர்க்கடலையை உள்ளங்கையில் தேய்த்து ஊதினால் தோல் பறந்துவிடும். பருப்பு அப்படியே நிற்கும். காரணம் யாது? தோலின் எடை மிகக் குறைவு. காற்று தாக்கும் பரப்போ எடையை நோக்க மிக அதிகம். இவ்வாறு நாம் ஊதித் தள்ளும் தோல், பருப்பின் எடையில் ஏறத்தாழ நூற்றில் மூன்று பங்குதான். ஆயினும் அது வெறும் குப்பையன்று.

தோலை மட்டும் மென்று பாருங்கள். வாய் துவர்க்கும். இது டானின் என்னும் பொருளின் வேலை. டானின் புரதங்களை இறுகப் பற்றும் இயல்புடையது. உமிழ்நீருக்கு வழுவழுப்பைத் தரும் புரதங்களை அது பற்றிக்கொள்வதால் நாக்கு வறண்டதுபோல் தோன்றுகிறது. பூச்சிகளிடமிருந்து விதையைக் காக்கவும் இத்துவர்ப்பு உதவுகிறது.

முந்திரிப் பருப்பின் செந்நிறத் தோலிலும் டானின் மிகுதி. ஆகவே அது விலங்குத் தோலைப் பதனிடப் பயன்படுகிறது. விலங்குத் தோலிலுள்ள கொலாஜன் என்ற புரதத்தை டானின் பிணைத்துவிடுவதால் அது அழுகாமல் நிலைக்கிறது.

பிரெஞ்சு அறிவியலார் ஜாக் மாஸ்கெலியே, வேர்க்கடலைத் தோலிலிருந்து டானின் வகையைச் சேர்ந்த பொருள்களைப் பிரித்தெடுத்து 1948-இல் ஆய்வேடு அளித்தார். இவை ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்க வல்லவை. ஆனால் சோதனைக் குழாயில் நிகழ்வது உடலிலும் அதே அளவில் நிகழும் என்று கொள்ளலாகாது. இவற்றில் ஒரு பகுதியே குடலிலிருந்து இரத்தத்தை அடைகிறது.

இப்போது ஒரு சோதனை. ஒரு பிடி தோலை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டுங்கள். ஆசிரியரின் உதவியுடன் அச்சாற்றில் அன்னபேதிக் கரைசலைச் சில சொட்டுகள் விடுங்கள். சற்று நேரத்தில் சாறு கருத்துவிடும். (இதைச் சுவைத்துப் பார்க்காதீர்கள்.) டானின் இரும்பைப் பற்றிக்கொண்டதே இதற்குக் காரணம்.

இதே செயல் குடலிலும் நிகழ்கிறது. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தை டானின் பற்றிக்கொண்டால், உடல் அதை ஏற்பது குறையும். எனவே இரத்தசோகை உள்ளவர்கள் தோலை மருந்தென்று எண்ணித் தனியே அள்ளித் தின்பது நன்றன்று. மற்றவர்கள் கடலையைத் தோலுடன் உண்ணலாம், நார்ச்சத்தும் கிடைக்கும். வேர்க்கடலை ஒவ்வாதவர்களுக்குத் தோலும் ஆகாது. பூஞ்சை பிடித்த கடலையை எவரும் உண்ணக்கூடாது. அதில் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு இருக்கலாம்.

பால் சேர்க்காத தேநீரிலும் இச்சோதனையைச் செய்து பாருங்கள். சாப்பிட்டவுடன் தேநீர் அருந்த வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வதன் காரணம் உங்களுக்கே விளங்கும்.