முழங்காலுக்கு அடியில் தலையணை வேண்டாம்

"மூட்டையே கழற்றி எறிந்துவிட்டு இரும்பை வைத்துவிடுவார்கள்." முழங்கால் மூட்டு மாற்று சிகிச்சை என்றதும் அம்மா பயந்தது இதற்குத்தான். உண்மையில், தொடை எலும்பின் கீழ்முனையிலும் கால் எலும்பின் மேல்முனையிலும் தேய்ந்த பரப்பைச் சில மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி, உலோக உறை பொருத்துகிறார்கள். குருத்தெலும்பு இருந்த இடத்தில் பிளாஸ்டிக் தகடு. பல்லுக்குக் கேப் போடுவது மாதிரி என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் அம்மாவின் முகம் தெளிந்தது.

"பத்து வருஷம்தான் தாங்கும், தள்ளிப்போடு" என்றார்கள் உறவினர்கள். 2019இல் லான்செட் இதழில் வந்த ஆய்வின்படி, முழு முழங்கால் மாற்றங்களில் சுமார் 82 சதவீதம் 25 ஆண்டுகள் நீடிக்கின்றன. அதற்காக எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து அவசரப்படவும் கூடாது. மாத்திரை, உடற்பயிற்சி, எடைக் குறைப்பு எல்லாம் செய்தும் வலி தூக்கத்தைக் கெடுக்கிறதா, நடையை முடக்குகிறதா என்பதே கேள்வி.

எல்லாவற்றையும்விடக் கெடுதல் செய்வது, "மூன்று மாதம் அசையாமல் படு" என்ற அன்பான அறிவுரை. பெரும்பாலோரை அன்றோ மறுநாளோ வாக்கரைப் பிடித்து நடக்க வைத்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்ததும், இதமாக இருக்கட்டும் என்று நாங்கள் அம்மாவின் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தோம். நான்காம் நாள் வந்த பிசியோதெரபிஸ்ட் அதைப் பிடுங்கி எறியாத குறை. மடங்கிய நிலையிலேயே கால் கிடந்தால் பின்பக்கத் திசுக்கள் இறுகி, முழங்கால் முழுதாக நீளாது. பிறகு நடையே சாய்ந்துவிடும். சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முழங்காலைக் கீழ்நோக்கி அழுத்தச் சொன்னார். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார்.

அசையாமல் கிடந்தால் இன்னோர் ஆபத்தும் உண்டு: கெண்டைக்காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறையலாம், அந்தக் கட்டி நுரையீரலுக்கும் போகலாம். பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்வதும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து தருவதும் அதற்காகவே. கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், காயத்தில் நீர் கசிந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

"ஆபரேஷன் முடிந்தால் வலி முடிந்தது" என்பதும் தவறு. தேய்மான வலி போகும். அறுவையின் வலியும் வீக்கமும் சில வாரங்கள் நீடிக்கும். மூன்றாவது வாரம், "ஏன்டா இதைச் செய்துகொண்டேன்" என்று அம்மா அழுதார். ஆறாவது வாரம் தெருமுனைக் கோயில்வரை நடந்தார். தழும்பின் ஓரம் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. தோலுக்குப் போகும் சிறு நரம்பு வெட்டுப்படுவதால் வருவது, சிகிச்சையின் பிழையல்ல. ஐந்தில் ஒருவருக்கு முழுத் திருப்தி கிடைப்பதில்லை என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. இதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

சம்மணம் போடுவதையும் குந்தி உட்காருவதையும் பெரும்பாலும் விட்டுவிடத்தான் வேண்டும். அம்மாவின் அரிவாள்மனை பரணுக்குப் போய்விட்டது. மேசையில் கத்தி வைத்துக் காய் நறுக்குகிறார். வெஸ்டர்ன் டாய்லெட்டை அறுவைக்கு முன்பே போட்டுவிடுங்கள்.

செலவைப் பற்றி ஒன்று: செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவிலை நிர்ணயித்தது. பில்லில் மூட்டின் விலையைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

சிகிச்சை முடிந்த ஒருவரைப் பார்க்கப் போனால், "ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முழங்காலை அழுத்தும்போது பத்துவரை கூடவே எண்ணுங்கள்.